தலையெழுத்தும் குலப்பெருமையும்

கோவிலம்பாக்கத்தில், மேடவாக்கம் பிரதான சாலையை விட்டு உள்ளே திரும்பும் தெருவொன்றில், நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது எங்கள் வழக்கம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். ஏதேனும் ஒரு புத்தகம், ஒரு பிளாஸ்க் தேநீர், இருட்டிக் கொசு விரட்டும்வரை பேச்சு. எங்களில் ஒருவர்கூட இவ்வூரில் பிறந்தவரல்லர். நெல்லை, கும்பகோணம், ஆரணி, பரமக்குடி என்று எங்கெங்கிருந்தோ வந்து, கடன்பட்டு மனை வாங்கி, வீடு கட்டிக் குடியேறியவர்கள். அதனாலோ என்னவோ, எந்தப் பேச்சும் கடைசியில் 'பூர்வீகம்' என்ற சொல்லில் வந்து நிற்கும்.

அண்மையில் ஒரு கூட்டத்துக்கு, மெல்பர்னில் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கித் திரும்பிய நண்பர் வந்திருந்தார். அங்கே பக்கத்து வீட்டு மூதாட்டி அவரைத் தேநீருக்கு அழைத்திருக்கிறார். வரவேற்பறைச் சுவரில், பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களுக்கு நடுவே, பழைய காகிதமொன்றின் நகலைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்களாம். ஏதோ விருதுப் பத்திரம் என்று எண்ணி இவர் விசாரிக்க, அந்த அம்மையார் முகம் மலரச் சொன்னாராம்: "அது என் பாட்டனாரின் பாட்டனாருக்கு வழங்கப்பட்ட தண்டனைத் தீர்ப்பு. அயர்லாந்தில் ஆடு திருடியவர். ஏழாண்டுத் தண்டனை விதித்துக் கப்பலேற்றினார்கள். தண்டனை முடிந்ததும் டாஸ்மேனியாவிலேயே நிலம் பிடித்து, மாடு வளர்த்து, பதினொரு பிள்ளைகளைப் பெற்றார். எங்கள் குடும்பம் முழுவதும் அந்த ஆட்டுக்குக் கடன்பட்டிருக்கிறது."

நண்பர் இதைச் சொல்லி முடித்துவிட்டு, "நம் குடும்பங்களில் இப்படி யாராவது உண்டா?" என்று கேட்டார்.

முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு ஒவ்வொருவராகத் தத்தம் முன்னோரைச் சொல்லத் தொடங்கினோம். ஒருவருடைய மூதாதை தஞ்சை மராட்டிய அரசரிடம் கணக்கெழுதியவர். மற்றொருவருடைய மூதாதை கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்தவர். மூன்றாமவருடையவர் ஊருக்குக் குளம் வெட்டியவர். நான்காமவருடையவர் வெள்ளைக்காரக் கலெக்டரை எதிர்த்து நின்று பேசியவர். பன்னிரண்டு குடும்பங்களில் ஒரு திருடர் இல்லை, ஒரு கொலையாளி இல்லை, கடனைக் கட்டாமல் ஊரைவிட்டு ஓடியவர்கூட இல்லை. இருநூறு ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுச் சிறைகளெல்லாம் ஆளில்லாமல் கிடந்தன போலும்! ஒரு நண்பர் மட்டும் எதுவும் சொல்லாமல் தேநீர்க் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி இறுதியில் சொல்கிறோம்.

அன்று கலைந்த பிறகும் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. ஆஸ்திரேலியர் தம் கைதி முன்னோரைச் சுவரில் மாட்டுகிறார்கள். நாம் ஏன் மாட்டுவதில்லை? நமக்கு அப்படிப்பட்ட முன்னோர் இல்லை என்பது இதற்கு விடையாகாது. இருந்தார்கள். கடல் கடந்தார்கள். கட்டினார்கள். குடியேறினார்கள். அவர்களை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்குத்தான் மனம் வரவில்லை என்பதே எங்கள் கருத்து.

*

முதலில் ஆஸ்திரேலியாவைப் பற்றிச் சில வார்த்தைகள். 1788 முதல் 1868 வரையிலான எண்பது ஆண்டுகளில் 1,60,000க்கும் மேற்பட்ட கைதிகளை பிரிட்டன் அக்கண்டத்துக்குக் கப்பலேற்றியது. அவர்களில் ஏறத்தாழ 40,000 பேர் அயர்லாந்திலிருந்து நேராக அனுப்பப்பட்டவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தொடக்கத்திலிருந்தே அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கைதி வம்சம் என்பது நெடுங்காலம் அங்கே ஒரு கறை. குடும்பங்கள் அதை மூடி மறைத்தன. வான் டீமன் நிலம் என்ற தீவுக்குக் கைதிகளை அனுப்புவது 1853இல் நின்றது. மூன்றே ஆண்டுகளில், 1856இல், டாஸ்மேனியா என்று அதன் பெயரையே மாற்றிக்கொண்டார்கள். பழைய பெயரில் ஒட்டியிருந்த விலங்கின் ஓசை கேட்கக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கறை பதக்கமாக மாறியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 2007இல் பிரதமரான கெவின் ரட்டின் முன்னோர்களில் ஒருத்தி மேரி வேட். லண்டன் தெருவில் இன்னொரு சிறுமியின் உடைகளைப் பறித்த குற்றத்துக்காக, தானே சிறுமியாயிருந்தபோது மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது குறைக்கப்பட்டு, சிட்னிக்குக் கப்பலேற்றப்பட்டவள். அவள் பெயரைச் சொல்வதால் ஒரு பிரதமருக்கு இழிவு வந்துவிடவில்லை.

அயர்லாந்துக்காரர்களில் ஒருவரை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளும்படி வாசகரை வேண்டுகிறோம். ஜேம்ஸ் மீஹன். 1798இல் ஆங்கில ஆட்சிக்கு எதிராக அயர்லாந்தில் வெடித்த கிளர்ச்சியில் பங்குகொண்டதற்காகத் தண்டிக்கப்பட்டு, 1800இல் சிட்னியில் இறங்கியவர். நில அளவை தெரிந்தவராகையால் அளவையாளருக்கு உதவியாளரானார். சில ஆண்டுகளில் மன்னிப்புக் கிடைத்தது. பின்னர் அக்குடியேற்றத்தின் துணைத் தலைமை நில அளவையாளராக உயர்ந்தார். 1826இல் சொந்தப் பண்ணையில் நிலவுடைமையாளராகவே இறந்தார். தன்னைக் கைதியாக இறக்கிய மண்ணைத் தானே சங்கிலி பிடித்து அளந்தவர்.

*

இனி நம் பக்கம் வருவோம். 'தீவாந்தரம்' என்றொரு பழைய சொல் நம்மிடம் உண்டு. வேறொரு தீவு என்பது அதன் பொருள். நம்மில் பலருக்கு 1908ஆம் ஆண்டு வ.உ.சி.க்கு விதிக்கப்பட்ட தீர்ப்பின் வழியாகவே இச்சொல் அறிமுகம். ஆனால் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்பிருந்தே கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியக் கைதிகளைத் தீவாந்தரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சுமத்ராவின் பென்கூலன், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர், பர்மாவின் மௌல்மேன், மொரிஷியஸ், கடைசியாக அந்தமான் என்று அந்தத் தீவுகளும் கரைகளும் நீள்கின்றன.

தமிழ்நாட்டிலிருந்து போனவர்களில் நாம் ஓரளவேனும் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு கூட்டத்தைத்தான். 1801இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, மறு ஆண்டு தொடக்கத்தில், எஞ்சிய கிளர்ச்சியாளர்களில் 73 பேரைத் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். சிவகங்கை அரசர் வேங்கன் பெரிய உடையத் தேவர் அவர்களில் ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி இன்னொருவர். அப்போது அவர் சிறுவர்.

அவர்களை அனுப்பும் பணியில் இருந்த ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், மருது சகோதரர்களுடன் பழகியவர். வளரி எறியவும் ஈட்டி எறியவும் சின்ன மருதுவிடம் கற்றுக்கொண்டதை அவரே எழுதியிருக்கிறார். 1818இல் வெல்ஷ் பினாங்குக்குச் சென்றபோது தளர்ந்துபோன ஒரு மனிதர் எதிரே வந்து நின்றார். வெல்ஷுக்கு ஆளைத் தெரியவில்லை. பெயரைக் கேட்டார். துரைசாமி என்று பதில் வந்தது. முப்பத்தைந்து வயதைத் தாண்டாத ஒருவர் முதியவராகிவிட்டிருந்தார். வெல்ஷ் கலங்கினார். ஆனால் அவரால் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. 1830இல் லண்டனில் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் இந்தச் சந்திப்பை அவர் பதிவு செய்யாவிட்டால் இதுவும் நமக்குக் கிடைத்திராது.

மீஹனையும் துரைசாமியையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். ஒரே பேரரசு. இருவரும் கிளர்ச்சிக்காரர் தரப்பு. இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு கப்பல்கள். ஒருவருக்கு அளவைச் சங்கிலியும் பதவியும் நிலமும் கிடைத்தன. மற்றவருக்கு அடையாளமே அழிந்தது. கைதி குடியானவனாக மாறுவது தனிமனித முயற்சியால் மட்டும் நிகழ்வதன்று. வெள்ளைக் கைதியை நாளைய குடிமகனாகப் பார்த்த அதே அரசு, பழுப்புக் கைதியைக் கைகளாகவும் தோள்களாகவுமே பார்த்தது.

ஆனாலும் துரைசாமியை நாம் மறக்கவில்லை. பாளையக்காரர் வரலாறு எழுதுவோர் அவரைக் குறிப்பிடாமல் போவதில்லை. காரணம் எளிது. அவர் பெரிய வீட்டுப் பிள்ளை. நம் பிரச்சினை, அவருக்குப் பிறகு போன பெயரில்லாதவர்களைப் பற்றியது.

*

1825 ஏப்ரல் 18 அன்று பென்கூலனிலிருந்து ஹொரேஷியோ என்ற கப்பல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. அதில் வந்த 80 பேரும் சென்னையிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள். பென்கூலனை ஆங்கிலேயர் டச்சுக்காரரிடம் ஒப்படைக்கவே, அங்கிருந்த கைதிகளைப் புதிய துறைமுகத்துக்கு மாற்றினார்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்துக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். ராஃபிள்ஸ் அவ்வூரில் கால் வைத்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. சதுப்பும் காடுமாகக் கிடந்த தீவு அது.

அந்த 80 பேரும் யார்? தமிழர், தெலுங்கர், பிறர் என்று சென்னை மாகாணத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பிடிக்கப்பட்டவர்கள். கொலை, கொள்ளை, வழிப்பறி செய்தவர்கள். நாம் யாரையும் வெள்ளையடிக்க விரும்பவில்லை. ஆனால் அந்தக் காலத்துச் சட்டத்தின் கண்ணில் கொள்ளை என்ற சொல் எவ்வளவு அகலமானது என்பதையும், பஞ்சமும் புதிய வரித்திட்டங்களும் காவல் உரிமைகளை இழந்த கிராமங்களும் எத்தனை பேரைக் குற்றத்தின் பக்கம் தள்ளின என்பதையும் மறந்துவிட்டு அவர்களை எடைபோட முடியாது.

அக்காலத்தில் வங்காளத்திலும் சென்னையிலும் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் அவர்களுடைய குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் இருந்தது. 1849இல் சட்டமியற்றி அதை நிறுத்தினார்கள். அதற்குள் எத்தனையோ நெற்றிகளில் அது ஏறிவிட்டிருந்தது. வெளியே நடமாடும்போது கைதிகள் தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டிக்கொள்வார்களாம். 'தலையெழுத்து' என்று நாம் வாய்க்கு வாய் சொல்கிறோம். பிரமன் எழுதியதாக நம்பப்படும் அந்த எழுத்தைக் கண்டவர் எவருமில்லை. இவர்களுடைய தலையெழுத்தையோ ஊரே வாசிக்க முடிந்தது.

அப்படிப்பட்டவர்களைக் கொண்டுதான் சிங்கப்பூர் கட்டப்பட்டது. மிகையாகச் சொல்லவில்லை. சதுப்பைத் தூர்த்தது, காட்டை வெட்டியது, சாலை போட்டது, கால்வாய் தோண்டியது, கலங்கரை விளக்கங்களுக்குக் கல் உடைத்தது எல்லாவற்றிலும் கைதிகளின் கை இருந்தது. 1850களின் இறுதியில் அவர்கள் தொகை இரண்டாயிரத்தைத் தாண்டியது. அவர்களை மேய்க்க வெள்ளைக் காவலர் படையொன்று தேவைப்படவில்லை. நன்னடத்தைக்கு ஏற்பக் கைதிகளை ஆறு வகுப்புகளாகப் பிரித்து, மேல் வகுப்பினரையே கங்காணிகளாகவும் காவலர்களாகவும் நியமித்தார்கள். முதல் வகுப்பை எட்டியவர் அனுமதிச் சீட்டுப் பெற்றுச் சிறைக்கு வெளியே குடியிருந்து சொந்தமாகத் தொழில் செய்யலாம். கைதிகளின் மேலதிகாரியாக இருந்த மெக்நேர், 1899இல் பேலிஸ் என்பவருடன் சேர்ந்து இம்முறையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். கைதிகள் தமக்குத் தாமே காவலர் என்பது அதன் தலைப்பின் கருத்து.

இந்த மெக்நேரும், அவருக்கு முன் அதே பதவியிலிருந்த ரொனால்ட் மக்ஃபர்சனும் சென்னைப் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர்கள். அப்படையின் தலைமையிடம் பரங்கிமலை. நாங்கள் கூடும் மொட்டை மாடியிலிருந்து பரங்கிமலை ஒருமணி நேர நடைத் தொலைவுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். வெகுதொலைவிலுள்ள ஏதோ ஒரு வரலாற்றை இழுத்து வந்து பேசுகிறோம் என்று வாசகர் நினைக்க வேண்டாம். உத்தரவிட்டவர்களும் உழைத்தவர்களும் ஒரே மாகாணத்திலிருந்து போனவர்கள்.

சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ பேராலயத்தைப் பார்த்தவர்கள் எங்களில் இருவர் உண்டு. பளீரென்ற வெண்மை. மக்ஃபர்சனின் வடிவமைப்பில் 1856இல் தொடங்கி, கைதிகளின் உழைப்பால் எழுந்து, 1862இல் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் அது. அதன் உட்சுவர்களுக்குப் பூசியது 'மதராஸ் சுண்ணாம்பு'. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, வெல்லம் ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்து, பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றும் முறை. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும். ஊரிலிருந்து எதையும் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படாதவர்கள் கைப்பழக்கத்தை எடுத்துச் சென்றார்கள். அதைப் பறிமுதல் செய்ய எந்தச் சுங்கச் சாவடியாலும் முடியாது.

சிராங்கூன் சாலையில் அவர்கள் அறுத்துச் சுட்ட செங்கற்கள் 1867இல் ஆக்ராவில் நடந்த கண்காட்சியில் பதக்கம் பெற்றன. மெக்நேரின் வடிவமைப்பில் அவர்கள் கட்டி 1869இல் முடித்த ஆளுநர் மாளிகைதான் இன்று இஸ்தானா எனப்படும் குடியரசுத் தலைவர் மாளிகை. தமிழ் வேர்கொண்ட எஸ்.ஆர். நாதனும், 2023இல் தேர்ந்தெடுக்கப்பட்ட தர்மன் சண்முகரத்தினமும் குடியரசுத் தலைவர்களாக அம்மாளிகையில் நுழைந்தபோது நம் பத்திரிகைகள் பூரித்தன. பூரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த மாளிகைக்குள் முதலில் நுழைந்தவர்கள் கையில் கரணையோடு நுழைந்தார்கள் என்பதை அந்தப் பூரிப்பில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

1873இல் சிங்கப்பூரின் கைதிச் சிறையைக் கலைத்தார்கள். ஆயுள் தண்டனை முடியாதவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள். அனுமதிச் சீட்டுப் பெற்றிருந்தவர்களும் விடுதலையானவர்களும் பெரும்பாலும் ஊர் திரும்பவில்லை. மாடு வைத்துப் பால் விற்றார்கள். மாட்டு வண்டி ஓட்டினார்கள். கடை வைத்தார்கள். வட்டிக்குக் கொடுத்தார்கள். சிலர் நிலம் வாங்கினார்கள். மலாய்ப் பெண்களை மணந்தவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகள் புதியதொரு சமூகத்தில் கரைந்தார்கள். மெல்பர்ன் மூதாட்டியின் ஆடு திருடிய பாட்டனார் செய்ததும் இதைத்தானே? மாடு, மனைவி, பிள்ளைகள், துண்டு நிலம்.

*

பிறகு ஏன் இவர்களுடைய வழித்தோன்றல்களைக் காணோம்? மூன்று காரணங்கள் எங்களுக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, ஆவணம். ஆஸ்திரேலியாவுக்குப் போன கைதியின் ஊர், தொழில், உயரம், கண்ணின் நிறம், குற்றம் எல்லாவற்றையும் பதிந்து, அப்பதிவை எவரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நம்மவரின் பெயரோ எழுதியவரின் காதில் விழுந்தபடி சிதைந்து கிடக்கிறது. ஒரு ராமசாமி நூறு ராமசாமிகளில் எவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டாவது, வெட்கம். இது எல்லா நாட்டிலும் உண்டு.

மூன்றாவதுதான் நமக்கே உரியது. முன்னோர் என்றால் நமக்கு ஒரு தூண் வேண்டும், சாய்ந்துகொள்ள. நம் சாதி வரலாறுகளைப் புரட்டிப் பாருங்கள். எல்லாச் சாதியும் ஒரு காலத்தில் ஆண்ட சாதி. எல்லாக் குடும்பமும் ஒரு காலத்தில் கொடுத்த குடும்பம். எல்லாரும் ஆண்டிருந்தால் ஆளப்பட்டவர் யார்? எல்லாரும் கொடுத்திருந்தால் வாங்கியவர் யார்? முன்னோரை நாம் தேடிக் கண்டடைவதில்லை. நம் இன்றைய தேவைக்கு ஏற்பத் தைத்துக்கொள்கிறோம். அந்தத் துணியில் தீவாந்தரக் கைதிக்கு இடமில்லை.

இவ்விடத்தில் எங்கள் கூட்டத்திலேயே எழுந்த ஒரு மறுப்பைச் சொல்ல வேண்டும். "குற்றவாளியைக் கொண்டாடச் சொல்கிறீர்களா? அவனால் கொல்லப்பட்டவனுக்கும் ஒரு குடும்பம் இருந்திருக்குமே?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கொண்டாடச் சொல்லவில்லை. கணக்கில் சேர்க்கச் சொல்கிறோம். ஒருவர் செய்த குற்றம், அவர் பட்ட தண்டனை, அதன்பின் அவர் வாழ்ந்த வாழ்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு மனிதர். முதல் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவது வாசகர்களாகிய நமக்கு அழகல்ல.

இன்னொருவர் வேறொரு வழி சொன்னார். "அவர்களெல்லாம் ஒருவகையில் வெள்ளையரை எதிர்த்தவர்கள்தாமே? தியாகிகள் என்று சொல்லிவிடலாம்." இதை நாங்கள் முன்னதைவிட ஆபத்தானதாகக் கருதுகிறோம். அந்தமான் செல்லுலார் சிறை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. 1979இல் தேசிய நினைவுச் சின்னமானது. அங்கே அரசியல் கைதிகளின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறோம். சரியான செயல். ஆனால் அந்தச் சிறையின் செங்கற்களை அடுக்கியவர்கள் சாதாரணக் கைதிகள். அவர்கள் தியாகிகளல்லர் என்பதற்காக மனிதர்களாகவும் இல்லாமற் போய்விடுவார்களா? அயர்லாந்திலிருந்து போனவர்களிலும் மீஹனைப் போன்ற கிளர்ச்சியாளர் சிறுபான்மையே. பெரும்பாலோர் ஆட்டுத் திருடரைப் போன்ற சாதாரணக் குற்றவாளிகள். மெல்பர்ன் மூதாட்டி தம் பாட்டனாரைப் போராளியாக்கவில்லை. ஆட்டை ஆடாகவே விட்டுவைத்தார். அந்த நேர்மைதான் எங்களைத் தொட்டது.

அந்தமானில் 1858 முதல் கைதிகளைக் குடியேற்றினார்கள். நன்னடத்தைச் சீட்டுப் பெற்ற ஆணும், பெண்கள் சிறையிலிருந்த பெண்ணும் அங்கே மணந்துகொண்டார்கள். மொழி வேறு, சாதி வேறு, சில வேளைகளில் மதமும் வேறு. அவர்களுடைய சந்ததியினர் 'லோக்கல் பார்ன்' என்று தம்மை அழைத்துக்கொள்கிறார்கள். இந்துஸ்தானி பேசுகிறார்கள். தண்டனை தந்த ஊரில் சாதியின் கட்டு தளர்ந்தது. மானத்தோடு வாழ்வதாகச் சொல்லிக்கொள்ளும் நம் ஊர்களில் அது இறுகியே இருக்கிறது. கைதிகள் உண்டாக்கிய அந்தத் தலைநகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியபோது அரசு சோழர் கடற்படையையும் நினைவுகூர்ந்தது. இங்கும் மன்னரே முந்திக்கொண்டார்.

குடியேறியவனின் கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நாங்களும் பாதிப் புத்தகத்தை மூடியவர்களாவோம். மீஹன் அளந்த நிலம் ஆளில்லா நிலமன்று, பூர்வகுடிகளின் வேட்டைக்களம். அந்தமானில் கைதிகள் காட்டை வெட்ட வெட்ட அங்கிருந்த மக்கள் ஒடுங்கினார்கள். 1859இல் அபர்தீனில் அவர்கள் அம்பும் வில்லுமாக எதிர்த்து வந்து தோற்றார்கள். அன்று ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர் இன்று சில பத்துப் பேர். விரட்டப்பட்டவனே விரட்டும் கருவியானான். எங்கள் கோவிலம்பாக்கத்திலும் மழை பெய்தால் தெருவில் நீர் நிற்கிறது. தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று புலம்புகிறோம். தண்ணீரின் வீட்டுக்குள் நாங்கள் வந்தவர்கள் என்பதை, நாராயணபுரம் ஏரியையும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் கடந்து போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம். புதுவாழ்வு என்பது எப்போதும் யாரோ ஒருவருடைய பழைய வாழ்வின்மேல் எழுகிறது.

எங்கள் வேண்டுகோள் சிறியது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கம்பெனி காலத்து நீதித்துறைப் பதிவுகள் அங்கே இருக்கின்றன. கிளேர் ஆண்டர்சன், ஆனந்த் யாங், அனோமா பியரிஸ் போன்றோர் ஆங்கிலத்தில் இத்துறையில் அருமையாக எழுதியிருக்கிறார்கள். தமிழில் எழுத வருபவர்கள் அரசர்களுக்குச் செலவிடும் காகிதத்தில் பத்தில் ஒரு பங்கை இவர்களுக்கு ஒதுக்கலாம். வரலாற்றாசிரியருக்குப் பெயர் கிடைக்காத இடத்தில் நாவலாசிரியருக்கு வேலை இருக்கிறது. நெற்றியை மறைத்துத் தலைப்பாகை கட்டி, தேவாலயச் சுவரில் வெண்கருச் சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்போது எந்த ஊரை நினைத்திருப்பான்?

*

குவளையையே பார்த்துக்கொண்டிருந்த நண்பர் இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். அவர் வீட்டில் பழைய வம்சாவளி நோட்டு ஒன்று இருக்கிறது. அவருடைய தாத்தா எழுதியது. தாத்தாவின் அப்பாவும் உடன்பிறந்தாருமாக ஐந்து சகோதரர்கள். நான்கு பெயர்கள் எழுதியிருக்கின்றன. ஐந்தாவது இடத்தில் ஒரு கோடு. அந்தச் சித்தப்பா வரப்புத் தகராறில் ஒருவரை வெட்டிவிட்டு அந்தமானுக்குப் போனவர் என்று தாத்தா ஒருமுறை, ஒரே ஒருமுறை, இவரிடம் சொல்லியிருக்கிறார். பெயரையும் சொல்லியிருக்கிறார். ஊரில் கேட்பவர்களுக்கு 'வடக்கே வியாபாரத்துக்குப் போனவர்' என்பதுதான் பதில். "எழுதிவிடலாமா?" என்று எங்களைக் கேட்டார். நாங்கள் என்ன சொல்வது? அது அவர் குடும்பத்து நோட்டு.

அடுத்த கூட்டத்துக்கு அவர் அந்த நோட்டைக் கொண்டுவந்தார். பழுப்பேறிய தாளில், கோட்டின்மேல், புதிய நீல மையில் ஒரு பெயர் இருந்தது. அவர் அதை வாய்விட்டுப் படித்தார். அன்று நாங்கள் வேறு புத்தகம் எதையும் பேசவில்லை.